உறையைவிட்டு வராத ஆறு கத்திகள்

ஆறு கத்திகளும் உறைக்குள் இருந்தன. ஒன்றுகூட வெளியே வருவதாக இல்லை.

என் வீட்டுக்காரர் பட்டறை வாசலில் உட்கார்ந்து, தோல் உறையை இரண்டு பாதங்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கத்தியின் பிடியை இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கத்தி அசையவில்லை. அவர்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் முன்னால் வந்திருந்தார்.

"இந்தா, நீ உறையைப் புடி. நான் பிடியைப் புடிக்கிறேன்" என்றார்.

நான் உறையைப் பிடித்தேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். காலை வேளையில் புருஷனும் பெண்டாட்டியும் நடுவாசலில் கயிறு இழுப்பதைப் பார்த்தால் யார்தான் நிற்கமாட்டார்கள்?

உள்ளேயிருந்து என் மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "தோலைப் பட்டறைக்குள்ள விடாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காமாட்சியம்மனே கத்தியப் புடிச்சு வச்சுக்கிட்டா" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

எனக்கோ கண் தெருமுனையிலேயே இருந்தது. கத்திகளைச் செய்யச் சொன்னவர் உச்சிப்பொழுதுக்குள் வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குக் கத்தி பிடிக்காமல் போனால், வருகிற திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் திருச்சிக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. எங்கள் பட்டறையை மூடிவிட வேண்டியதுதான்.

ஒரு வாசகருக்குப் பதில்

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நான் சம்மட்டி அடித்ததைப் பற்றி இரண்டு வாரத்துக்கு முன்பு இந்தத் தொடரில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'பெண்கள் சம்மட்டி தூக்குவார்களா, கற்பனைக்கும் அளவு வேண்டாமா' என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் ஒரு கொல்லன் பட்டறையையும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்று தெரிகிறது. எங்கள் ஆட்கள் வீட்டில் ஆசாரி குறடு பிடிப்பார், பெண்டாட்டி சம்மட்டி அடிப்பாள். கூலிக்கு ஆள் வைக்க வசதி இருந்தவர்கள் எத்தனை பேர்?

நான் பிறந்தது குன்றாண்டார்கோவில் பக்கம். என் அப்பாவுக்கு நாங்கள் மூன்றும் பெண்கள். எங்களில் கை கனமானவள் நான். பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் என்னைப் பாடச் சொல்லவில்லை, கோலம் போடச் சொல்லவில்லை. கையை நீட்டச் சொல்லித் தோளிலிருந்து மணிக்கட்டுவரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். மாடு பிடிக்க வந்தவரைப்போலப் பார்த்தார் என்று எனக்கு அன்றைக்குக் கோபம். பிறகு அதை நினைத்துப் பெருமைப்பட்டதும் உண்டு.

திருக்கோகர்ணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். சமஸ்தானம் போய், ராஜா ஆட்சி முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது.

இரும்பு அடிப்பதில் ஒரு பேச்சு உண்டு. ஆசாரி இடது கைக் குறட்டால் பழுத்த இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலது கைச் சின்னச் சுத்தியலால் ஓர் இடத்தில் தட்டுவார். 'இங்கே அடி' என்று அர்த்தம். அதே இடத்தில் சம்மட்டி விழ வேண்டும். சுத்தியலை, இரும்பை வைத்து அடிக்கிற பட்டறைக் கல்லின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினால் 'போதும், நிறுத்து'. முதல்நாள் சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் இருந்தாலும், மறுநாள் உலை மூட்டியதும் அவர் தட்டுவார், நான் அடிப்பேன். பேசாமலேயே சமாதானம் ஆகிவிடும். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் மூன்று கத்திக்குமேல் நீடித்ததில்லை.

லாரிக்குள் இருந்த இரும்பு

சரி, திருச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

ஊர்ப் பட்டறைக்கு வருகிற வேலை தெரிந்ததுதானே. ஏர்க்கொழு, மண்வெட்டி, அரிவாள். அறுப்புக்கு முன்னால் வாசலில் கூட்டம் நிற்கும். அறுப்பு முடிந்துவிட்டால் உலையில் பூனை படுத்துத் தூங்கும். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் திருச்சியில் ஃபிட்டராக இருந்தார். மாதாமாதம் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு, காக்கிச் சட்டை. 'உனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன், இரண்டு வாரம் கழித்து வருகிற திங்கட்கிழமைக்குள் வந்துவிடு' என்று கடிதம் எழுதியிருந்தார். அங்கே குடித்தனம் வைக்கத் தோதில்லை. நானும் மாமியாரும் இங்கேயே இருந்துகொள்ள வேண்டும்.

எனக்கு அவரைப் பிரிந்திருக்கப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்வதென்றால், சம்மட்டியைப் பிரிந்திருக்கவும் பிடிக்கவில்லை. காலை எழுந்து அடுப்பைப் பார்த்து, மாமியாரைப் பார்த்து, மறுபடியும் அடுப்பைப் பார்க்கிற வாழ்க்கையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

அப்போதுதான் வல்லத்திராக்கோட்டையிலிருந்து சோலைமலை வந்தார். பலாமரங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய் இறக்குகிறவர். சீசனில் அவரிடம் ஆறு பேர் மரம் ஏறுவார்கள். பெரிய மீசை, சின்னக் குரல்.

"ஆசாரி, முந்தின சீசன்ல நம்ம ஆளு அடைக்கலம் மரத்துமேல இருக்கையில கத்தி இடுப்புல இருந்து வழுகித் தொடையக் கிழிச்சிருச்சு. இருவது நாள் படுத்துட்டான். பட்டாளத்துல இருந்து வந்தவன் ஒருத்தன் இடுப்புல தோலு உறை போட்டுக் கத்தி சொருகியிருந்தான், பாத்தேன். எனக்கு அது மாதிரி ஆறு வேணும். கத்தியும் உறையும் நீங்கதான் செஞ்சு குடுக்கணும்" என்றார்.

கத்தி சரி. உறைக்கு எங்கே போவது? இவர் யோசித்தார். நான் முந்திக்கொண்டு, "செஞ்சுரலாம்ணே" என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது இவர் ஒரு முடிவு சொன்னார். "இந்த ஆறும் அவருக்குப் புடிச்சு, மேக்கொண்டு வேலை குடுத்தாருன்னா நான் திருச்சிக்குப் போகலை. இல்லாட்டி அவன் சொன்ன திங்கக்கெழமை பஸ் ஏறிருவேன். அப்பறம் அழுவக் கூடாது."

"நான் எதுக்கு அழுவுறேன்?" என்றேன். கொஞ்சம் அழுகை வந்தது. ரசத்தில் மிளகு அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

கத்திக்கு இரும்பு காயலாங்கடையில் கிடைத்தது. உலகச் சண்டைக்காலத்து லாரிகள் உடைந்து அங்கே குவிந்து கிடந்த நேரம். லாரிச் சக்கரத்துக்கு மேலே வளைந்த பட்டைகள் அடுக்காக இருக்கும் அல்லவா, ஸ்பிரிங் பட்டை, அதற்கு ஈடான இரும்பு கிடையாது. எத்தனை டன் சுமந்து, எத்தனை பள்ளத்தில் குதித்திருக்கும். இவர் ஒவ்வொரு பட்டையையும் சுத்தியலால் தட்டிக் காதில் வாங்கிப் பார்த்துத்தான் எடுப்பார். கடைக்காரர், "ஆசாரி இரும்பு வாங்குறாரா, மேளம் வாங்குறாரா" என்று கேட்பார்.

அந்தப் பட்டை லேசில் வளையாது. ஊர் அரிவாள் இரும்பு இரண்டு அடியில் கேட்டுக்கொள்ளும். இது பத்து அடி வாங்கியும் முறைக்கும். ஆறு கத்தி அடித்து முடிக்கும்போது என் உள்ளங்கையில் நாலு கொப்புளம். தோய்ச்சல் கொடுப்பது, அதாவது பழுத்த கத்தியைச் சரியான பதத்தில் முக்கி எடுப்பது, இவருடைய வேலை. அந்த நேரத்தில் ஈ பறந்தாலும் இவருக்குக் கோபம் வரும். பிறகு அரம் போட்டு, சாணை பிடித்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினார். அந்த ஆறு கத்திகளையும் வரிசையாக வைத்துவிட்டு இவர் பீடி பற்றவைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

துருத்தி எதில் செய்தது

சந்தைக்கு அருகில் செருப்புத் தைக்கிற ராயப்பனிடம் தோல் கேட்டேன். அவர் ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய நல்ல மாட்டுத்தோலை எடுத்து, ஒரு கத்தியை அளவு வைத்து ஆறு உறைக்கும் வெட்டி, ஊசிக்கு ஓட்டையும் போட்டுக் கொடுத்தார். தைக்க அவருக்கு நேரமில்லை. மகள் வீட்டில் விசேஷம், அன்றே பஸ் ஏற வேண்டும்.

"நீங்களே தச்சுருவீங்க ஆத்தா. தோலை நல்லா நனைச்சு, உள்ள வச்சுத் தச்சு, காய விட்ருங்க. அச்சு அப்புடியே நிக்கும்" என்றார்.

தோலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மாமியார் பட்டறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். காமாட்சி விளக்கு எரிகிற இடத்தில் மாட்டுத்தோல் வரக் கூடாது என்றார்.

"அத்தை, துருத்தி எதுல செஞ்சது?" என்று கேட்டேன்.

அவர் துருத்தியைப் பார்த்தார். அவர் மாமனார் காலத்திலிருந்து உலைக்குக் காற்று ஊதுகிற துருத்தி. முழுசும் தோல். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அவரே சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார்.

"அது ஆட்டுத்தோலு" என்றார்.

ஆனாலும் வாசலைவிட்டு நகர்ந்துகொண்டார்.

புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து தைத்தேன். தோலைத் தண்ணீரில் ஊற வைத்தேன். மெத்தென்று ஆனது. உள்ளே வைத்துத் தைக்கச் சொன்னாரே என்று ஒவ்வொரு கத்தியையும் உள்ளே வைத்து இறுக்கித் தைத்தேன். மெழுகு தடவிய நூல் விரலை அறுத்தது. சாயங்காலம் ஆறையும் வெயில் படுகிற சுவரில் வரிசையாக மாட்டிவிட்டு, தூர நின்று பார்த்தேன். அழகாக இருந்தன. என் கையால் அப்படி ஒன்றைச் செய்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை அமாவாசை. அமாவாசையன்று எங்கள் ஆட்கள் உலை மூட்டமாட்டார்கள், ஆயுதத்தைத் தொடமாட்டார்கள். கத்திகள் பாட்டுக்கு வெயிலில் தொங்கின. நாங்கள் தலைக்குக் குளித்துவிட்டு வடை சாப்பிட்டோம்.

ராயப்பன் உள்ளே வைக்கச் சொன்னது கத்தி வடிவத்தில் செதுக்கிய மரக்கட்டையை. செருப்புத் தைக்கிறவருக்கு அது சொல்லாமலே தெரியும். மூன்று தலைமுறையாக இரும்பிலேயே புழங்குகிறவர்களுக்கு, கையில் ஆறு கத்தி இருக்கும்போது மரத்தில் ஒன்று செதுக்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

வேப்பெண்ணெய்

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் கயிறு இழுத்த கதை இதுதான். ஈரத்தோல் காயக் காயச் சுருங்கிக் கத்தியைக் கவ்விக்கொண்டுவிட்டது.

"அறுத்து எடுத்துருவோம்" என்றார் இவர்.

"அறுத்தா உறைக்கு எங்க போறது? ராயப்பன் ஊருல இல்ல. சோலைமலை அண்ணன் வந்து வெறுங்கத்தியப் பாத்துட்டுப் போயிருவாரு" என்றேன்.

அடுப்படியில் போய் வேப்பெண்ணெயைக் கரண்டியில் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் உறையின் வாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கொஞ்ச நேரம் தலைகீழாக, கொஞ்ச நேரம் நேராக. பிறகு இவர் பிடித்து லேசாக அசைத்தார். ஒரு முனகல் சத்தத்தோடு கத்தி வெளியே வந்தது.

வந்த கத்தியை இவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

முகம் தெரிகிற பளபளப்பு எங்கேயும் இல்லை. பிடியிலிருந்து நுனிவரை கறுப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தோம். செங்கல் தூள் போட்டுத் தேய்த்தோம். துரு என்றால் போகும். இது ஆவாரம்பட்டையின் சாறு இரும்பில் இறங்கியது, போகவில்லை. ஆறும் அப்படித்தான். இவர் நாலு நாள் பார்த்துப் பார்த்துத் தேய்த்த கத்திகள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவர் திட்டவில்லை. ஆறையும் துடைத்து வைத்துவிட்டு, "திங்கக்கெழமைக்கு அந்த வெள்ளைச் சட்டையத் தொவச்சு வை" என்றார்.

என் வாழ்க்கையில் நான் அதிகமாக வெறுத்த வெள்ளைச் சட்டை அது.

வேப்பமரத்தில் அடைக்கலம்

சோலைமலை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கூடவே அடைக்கலமும் வந்திருந்தார், போன சீசனில் தொடையைக் கிழித்துக்கொண்டவர். ஒல்லியான ஆள், காய்த்துப்போன பாதம்.

இவர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. "அண்ணே, தப்பாப் போச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சோலைமலை ஒரு கத்தியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"என்ன ஆசாரி, அடுப்புல கெடந்த தோசைக்கரண்டியாட்டம் இருக்கு?" என்றார்.

அதை வேறோர் உறையில் சொருகப் பார்த்தார். பாதிக்குமேல் போகவில்லை. இன்னொன்றில் பார்த்தார். அதிலும் போகவில்லை. கையால் அடித்த கத்தி ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, ஒவ்வோர் உறையும் அதனதன் கத்தியின் அச்சிலேயே காய்ந்திருந்தது. "ஒண்ணோட உறை ஒண்ணுக்குச் சேரலையே. இதை வச்சு நான் என்ன செய்யிறது?" என்றார். மீசைக்குக் கீழே உதடு இறுகிவிட்டது.

நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். காக்கிச் சட்டை போட்டு இவர் சைக்கிளில் போவதுகூட என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

இந்தப் பேச்சு எதிலும் அடைக்கலம் கலந்துகொள்ளவில்லை. ஒரு கத்தியை அதன் உறையோடு எடுத்து அரைஞாணில் கோத்துக் கட்டிக்கொண்டு, எங்கள் வாசல் வேப்பமரத்தில் ஏறிவிட்டார். ஓணான்கூட அவ்வளவு வேகமாக ஏறாது. மேல் கிளையில் காலை மடக்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினார். உடம்பை உதறினார். குதித்துப் பக்கத்துக் கிளைக்குத் தாவினார். கத்தி உறையைவிட்டு நழுவவில்லை. பிறகு ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருவினார். எண்ணெய் குடித்த உறை சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. ஒரே வெட்டு. மணிக்கட்டுக் கனத்தில் ஒரு கொப்பு என் மாமியாரின் காலடியில் வந்து விழுந்தது.

"அண்ணே" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். "எனக்கு இதான் வேணும். கறுப்புதாண்ணே நல்லா இருக்கு."

"கறுப்புல என்னடா நல்லது?"

"பளபளன்னு இருந்தா மேல உருவுறப்ப வெயிலு பட்டுக் கண்ணுல அடிக்குதுண்ணே. அன்னைக்கி வழுகுன கத்தியப் புடிக்கப் போனேன், கண்ணு கூசிருச்சு. அதுலதான் கிழிச்சுக்கிட்டேன். இது கண்ணுல அடிக்கவே இல்ல."

சோலைமலை கையிலிருந்த கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. கதவைவிட்டு முன்னால் வந்தேன்.

"அண்ணே, ஒங்க ஆளுக ஆறு பேரும் ஒரே மாதிரி கத்தி வச்சிருந்தா, எது யாருதுன்னு சண்டை வராதா?"

"வராமலா? தெனமும் காலையில பஞ்சாயத்துதான். நல்லாத் தீட்டுன கத்தி எல்லாருக்கும் வேணும், மழுங்குனது யாருக்கும் வேணாம்."

"இதுல அந்தப் பேச்சே இல்லண்ணே. அவன் உறையில இவன் கத்தி போகாது. தூக்குனாலும் சொருக முடியாது."

சோலைமலை சிரிக்கத் தொடங்கினார். சின்னக் குரல்காரருக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். கீழே இருந்த கத்திகளையும் உறைகளையும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்து, ஒவ்வொன்றும் போகாதபோது தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆசாரி, ஆலங்குடிப் பக்கம் என் மச்சினன் குத்தகை எடுத்திருக்கான். அவன் ஆளுகளுக்கு எட்டு. எனக்கு இன்னும் நாலு. பங்குனி பொறக்குறதுக்குள்ள வேணும். கறுப்பாத்தான் இருக்கணும், சொல்லிப்புட்டேன். வெள்ளையா இருந்தா எடுக்கமாட்டேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் வேப்பங்கொப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் அத்தனை பேர் முன்னாலும் சிரித்திருப்பேன்.

"உறை தச்சது யாரு ஆசாரி?" என்று போகும்போது கேட்டார் சோலைமலை.

"வீட்டுலதான்" என்றார் இவர்.

"எங்க மருமக" என்று திருத்தினார் மாமியார், காலடியில் கிடந்த வேப்பங்கொப்பைக் கையில் எடுத்துக்கொண்டே.

திங்கட்கிழமை

சனிக்கிழமை காயலாங்கடைக்குப் போய் மூன்று பட்டை தட்டிப் பார்த்து வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. நான்தான் கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் உலை மூட்டிவிட்டோம். மாமியார் துருத்தி ஊத உட்கார்ந்தார். முதல் பட்டை பழுத்துச் சிவந்ததும் இவர் அதைக் குறட்டால் எடுத்துக் கல்லில் வைத்தார். சின்னச் சுத்தியல் தட்டியது. நான் அடித்தேன். தட்டினார். அடித்தேன். திருச்சி பஸ் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகும், காலை ஏழு மணி வாக்கில்.

இரும்பு ஆறிவிட்டது. இவர் அதை மறுபடி நெருப்பில் செருகிவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு தெருப் பக்கம் பார்த்தார்.

"பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டார்.

"சம்மட்டி அடிக்கிறவளுக்கு அதெல்லாம் எங்க கேக்குது?" என்றேன்.

பொய். ஹார்ன் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. அந்த நேரத்து அடியை மட்டும் கொஞ்சம் ஓங்கி அடித்திருந்தேன்.